கலப்புச் சிவப்பு ஒயினும் காத்திருப்பும்

(கோவையில் உணவக மேலாண்மை மாணவர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோருக்கு வணக்கம்.

நூற்பாலைகள் நிறைந்த கோவையில் கலப்பின் அருமையை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை. இழை நீளமும் வலுவும் வேறுபட்ட பஞ்சுப் பொதிகளைத் தேர்ந்து கலப்பவரின் திறமையில்தான் நூலின் தரம் இருக்கிறது என்பதை ஆலையில் உழைத்த உங்கள் வீட்டுப் பெரியவர்கள் அறிவார்கள். பிரான்சின் போர்டோ பகுதியில் சிவப்பு ஒயின் செய்பவர்களுடைய வேலையும் அத்தகையதே. ஒரு புட்டியை ஆண்டுக்கணக்கில் வைத்திருந்தால் பலன் உண்டா என்பது பெரும்பாலும் அந்தக் கலப்பிலேயே முடிவாகிவிடுகிறது.

அங்கே கலக்கப்படும் திராட்சை வகைகளுள் கபர்னே சோவின்யோன் சிறிய கனியும் தடித்த தோலும் உடையது, தாமதமாகப் பழுப்பது. அதன் தோலிலும் விதையிலும் உள்ள டானின், ஒயின் இளமையாக இருக்கையில் நாக்கை இறுக்கிப் பிடிக்கும் துவர்ப்பைத் தருகிறது. முன்னதாகப் பழுக்கும் மெர்லோ மென்மையையும் நிறைவையும் சேர்க்கிறது. கபர்னே ஃபிராங் மணத்துக்கு உதவுகிறது. பெத்தி வெர்தோ சிறிதளவே சேர்ந்தாலும் நிறத்தை ஆழமாக்குகிறது. போர்டோவுக்குள்ளேயே சரளை மண் நிறைந்த மெதோக் வட்டாரத்தில் கபர்னே சோவின்யோனும், களிமண் மிகுந்த பொமரோலில் மெர்லோவும் முதன்மை பெறுகின்றன. மழையோ பனியோ ஒரு வகையைக் கெடுத்தாலும் மற்றொன்று கைகொடுக்கும் என்ற உழவரின் முன்னெச்சரிக்கையும் இதில் அடங்கியிருக்கிறது.

225 லிட்டர் ஓக் மரப் பீப்பாயில் ஓராண்டுக்கு மேல் தங்கிப் புட்டிக்கு வந்த பிறகும் ஒயின் மாறிக்கொண்டே இருக்கிறது. டானின் மூலக்கூறுகள் தம்முள்ளும், நிறம் தரும் ஆந்தோசயனினோடும் இணைந்து பெரிதாகின்றன. ஒரு பகுதி வண்டலாகப் படிகிறது. அதனால் துவர்ப்பு தணிகிறது, ஊதா கலந்த சிவப்பு மெல்லச் செங்கல் நிறமாகிறது, புதுப்பழ வாசனை பின்வாங்கிப் புகையிலை, பதனிட்ட தோல், காளான் ஆகியவற்றை நினைவூட்டும் மணங்கள் எழுகின்றன. இடையில் சில ஆண்டுகள் மணமே வெளிப்படாமல் ஒயின் மூடிக்கொள்வதும் உண்டு. அப்போது திறந்துவிட்டு ஏமாறுபவர்கள் பலர். ஆனால் பழுக்காத கனியின் பச்சை வாடையையோ, சாரமற்ற மெலிவையோ எத்தனை ஆண்டுகளும் திருத்திவிடாது. பழச்சாரம், புளிப்பு, டானின் ஆகிய மூன்றும் இளமையிலேயே ஒன்றுக்கொன்று ஈடாக நின்றால்தான் காத்திருக்கலாம். கடைகளில் விற்கும் ஒயினில் பெரும்பகுதி சில ஆண்டுகளுக்குள் குடிப்பதற்கென்றே செய்யப்படுவது. அதைப் பூட்டி வைப்பது வீண்.

நம் ஊர் வெயிலைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 12 முதல் 14 டிகிரி செல்சியஸ் வரையிலான நிலையான குளிர்ச்சி ஒயினை முதிரவிட ஏற்றது. சித்திரையில் 35 டிகிரியைத் தாண்டும் அறையில் வைத்த ஒயின் முதிர்வதில்லை, வெந்து போகிறது. வீட்டுக் குளிர்பதனப் பெட்டியின் வறட்சி நாளடைவில் தக்கையை உலர்த்திக் காற்றை உள்ளே விட்டுவிடும். வெப்பமும் ஈரப்பதமும் சீராக உள்ள ஒயின் அலமாரியில், வெளிச்சமும் அதிர்வும் படாமல், தக்கை நனைந்திருக்கும்படி புட்டியைப் படுக்க வைக்க வேண்டும்.

பரிமாறுவதற்கு முதல் நாளே புட்டியை நிமிர்த்தி வையுங்கள். வண்டல் அடியில் தங்கும். பிறகு அசைக்காமல், கழுத்துப் பகுதிக்குப் பின்னால் ஒரு விளக்கை வைத்துப் பார்த்தபடி கண்ணாடிக் குடுவைக்கு ஊற்றி, வண்டல் கழுத்தை எட்டியதும் நிறுத்திவிடுங்கள். இளம் ஒயினுக்கு மணிக்கணக்கில் காற்றுப் படலாம். மிக முதிர்ந்ததன் மணம் விரைவில் அகன்றுவிடும் என்பதால் அதை ஊற்றியவுடனே விருந்தினர் முன் வைத்துவிடுங்கள்.