கடன் கொடுப்பவரின் தொலைவு

அவையோருக்கு வணக்கம். சிகாகோ பல்கலைக்கழகப் பேராசிரியர் ரகுராம் ராஜனின் வங்கியியல் ஆய்வைப் பற்றிச் சென்னையில் பேசுபவர் சிகாகோவிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. 1906 அக்டோபரில் இங்கே அர்பத்நாட் என்ற வங்கி நிறுவனம் கதவடைத்தபோது, ஆயிரக்கணக்கானோரின் சேமிப்பு ஒரே நாளில் முடங்கியது. லண்டனில் தங்கள் பணம் எந்தச் சூதில் கரைகிறது என்பதை அறிய, இங்கே டெபாசிட் போட்டவர்களுக்கு வழியே இருக்கவில்லை. அந்தக் காயத்தின் மீதுதான் 1907இல் இந்தியன் வங்கி எழுந்தது.

பணத்துக்கும் அதைப் பற்றிய அறிவுக்கும் இடையே விழும் இந்தத் தொலைவைத்தான் ரகுராம் ராஜனின் ஆய்வு வாழ்க்கையின் இழையாக நான் காண்கிறேன். 1991இல் எம்.ஐ.டி.யில் அவர் பெற்ற முனைவர் பட்டமே வங்கியியலில்தான். பொருளியலாளர் மிட்சல் பீட்டர்சனுடன் சேர்ந்து 1994இல் எழுதிய கட்டுரையில், வங்கியோடு நெடுநாள் பழகிய சிறு தொழிலுக்கு வட்டி பெரிதாகக் குறைவதில்லை, கடன் கிடைப்பதுதான் எளிதாகிறது என்று அமெரிக்கத் தரவுகளைக் கொண்டு காட்டினார். வட்டிக்கடைகள் நிறைந்த நம் சௌகார்பேட்டைக்கு இது தெரியாதா என்று நீங்கள் சிரிக்கலாம். தெரிந்ததை அளந்து காட்டுவது வேறு வேலை. அதே இருவர் 2002இல், கடன் வாங்குபவருக்கும் வங்கிக்கும் இடையிலான தூரம் கூடிக்கொண்டே வருவதையும், நேரில் பார்த்துத் தெரிந்துகொண்டதன் இடத்தைக் கணினிப் பதிவுகள் பிடிப்பதையும் எழுதினார்கள். இன்று செல்பேசிக் கடன் என்று நாம் சொல்வதன் வேர் அங்கே இருக்கிறது.

2005இல், மத்திய வங்கியாளர்கள் ஆண்டுதோறும் கூடும் அமெரிக்காவின் ஜாக்சன் ஹோலில், அன்றைய அமெரிக்க மத்திய வங்கித் தலைவர் கிரீன்ஸ்பானைப் பாராட்டக் கூடிய அவையிலேயே, நிதிச் சந்தைகளின் வளர்ச்சி ஆபத்தையும் வளர்த்திருக்கக்கூடும் என்று அவர் எச்சரித்ததும், அன்று அதை ஏற்க ஆளில்லாமல் போனதும் பலரும் அறிந்ததே. 2016 ஏப்ரலில், ரிசர்வ் வங்கி ஆளுநராக யு.பி.ஐ.யை மும்பையில் அவர் தொடங்கி வைத்ததையும் கடந்துபோகிறேன்.

என் மனம் நிற்பது, பொருளியலாளர் டக்ளஸ் டயமண்டுடன் அவர் 2001இல் வெளியிட்ட கோட்பாட்டில். டெபாசிட் போட்டவர்கள் எந்த நேரமும் திரண்டு வந்து பணத்தைக் கேட்கலாம் என்ற அச்சமே வங்கியரை ஒழுங்காக வைத்திருக்கிறது. எளிதில் கவிழக்கூடிய தன்மை வங்கியின் பிழையன்று, அதன் பயன் என்கிறது அந்தக் கோட்பாடு. அழகான வாதம். ஆனால் 2023 மார்ச் 9 அன்று அமெரிக்காவின் சிலிக்கான் வேலி வங்கியிலிருந்து ஒரே நாளில் 4,200 கோடி டாலரை எடுக்க உத்தரவுகள் குவிந்தன. வாசலில் வரிசை நின்ற காலத்தில் வங்கியருக்குத் திருந்தச் சில நாட்களாவது கிடைத்தன. சில மணி நேரத்தில் ஒரு வங்கியே காலியாகுமானால், அந்த அச்சம் யாரைத் திருத்தும் என்பதே என் ஐயம்.