சோபா இடுக்கில் என் முகவரி

வணக்கம். எனக்குப் பின்னால் தெரிகிற அலங்கோலத்தைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். நாளைக் காலையில் பழைய சாமான் எடுக்கிற வண்டி வருகிறது. மூன்று நாளாக இந்த ஓர் அறையைத்தான் ஒழித்துக்கொண்டிருக்கிறேன். வீடியோ போடும் எண்ணமே இல்லை. போன தடவை பட்டது ஞாபகத்துக்கு வந்தது, சரி, சொல்லிவிடுவோம் என்று கேமராவை வைத்தேன்.

போன தடவை இருந்தது ஒரு சோபா, ஒரு மெத்தை, நாலைந்து மூட்டை. போனில் ஒருவரைப் பிடித்தேன். மற்றவர்கள் சொன்னதில் பாதித் தொகைதான் கேட்டார். வந்தார், அரை மணி நேரத்தில் எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றினார், போய்விட்டார். ரசீது கிடையாது. அதைப் பற்றி எனக்கு என்ன கவலை, வீடு காலியாகிவிட்டதே!

பத்து நாள் கழித்து உள்ளாட்சி அலுவலகத்திலிருந்து போன். ஊருக்கு வெளியே, ஓடைப் பள்ளத்தில் ஒரு சோபா கிடக்கிறதாம். இருக்கைக்கும் கைப்பிடிக்கும் நடுவே உள்ள இடுக்கில் என் பெயரும் முகவரியும் போட்ட பழைய வங்கிக் கவர் இருந்ததாம். "பணம் கொடுத்துத்தானே அனுப்பினேன்" என்றேன். "யாரிடம் கொடுத்தீர்கள்?" என்று கேட்டார்கள். அந்த ஆளின் பெயர்கூட எனக்குத் தெரியவில்லை. அந்த எண்ணுக்கு அடித்தால் அணைத்து வைத்திருக்கிறார். கடைசியில் அபராதமும் கட்டி, அதே சோபாவை இரண்டாவது முறையாகக் காசு கொடுத்து எடுக்க வைத்தேன்.

அதனால் இந்தத் தடவை போனை எடுத்ததும் நான் கேட்ட முதல் கேள்வி, "எங்கே கொண்டுபோய் இறக்குவீர்கள்?" என்பதுதான். ஒழுங்காகத் தொழில் செய்கிறவருக்கு இதில் தயக்கமே வராது. மரம் இங்கே போகும், இரும்பு அங்கே போகும், மிச்சம் குப்பைக் கிடங்குக்குப் போகும் என்று கடகடவென்று சொல்லிவிடுவார். "அதெல்லாம் நாங்க பாத்துக்கறோம்" என்று பதில் வந்தால் நான் போனை வைத்துவிடுவேன். இரண்டு பேர் அப்படித்தான் சொன்னார்கள். மூன்றாமவர் விளக்கமாகச் சொன்னார், உரிமத்தின் படத்தையும் அனுப்பினார். தொகையையும் மெசேஜிலேயே எழுதி வாங்கிக்கொண்டேன். மாடிப்படி ஏறி இறங்கத் தனிக் கூலி உண்டா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். வாசலில் வந்து நின்றுகொண்டு, "மாடின்னு நீங்க சொல்லவே இல்லையே" என்று ஆரம்பிப்பார்கள்.

அடுத்து, விலை. பலர் எடையைப் பார்ப்பதில்லை, வண்டியில் எவ்வளவு இடம் அடைக்கிறது என்றுதான் பார்க்கிறார்கள். கட்டட இடிபாடு, ஓடு, மண் மாதிரி கனமான சரக்குக்குத்தான் எடைக் கணக்கு. இதைப் புரிந்துகொண்டால் நம் கையிலேயே பாதி மிச்சம். இதோ, இந்தப் பலகைக் கட்டு தெரிகிறதா? நேற்று வரை இது ஓர் அலமாரி. ஆறடி உயரம், மூன்றடி அகலம், ஒன்றரை அடி ஆழம். அப்படியே ஏற்றினால் 27 கன அடி, அதில் பெரும்பகுதி வெறும் காற்று. திருகாணிகளைக் கழற்றிப் பலகைகளை அடுக்கியதும் நாலு கன அடிகூட வரவில்லை. சோபாவின் கால்களும் அப்படித்தான், கையால் திருகினாலே வந்துவிடும். அப்படியே இடுக்குகளிலும் கைவிட்டுப் பார்த்துவிடுங்கள். ஏன் சொல்கிறேன் என்று உங்களுக்கே தெரியும்.

இரும்பு, தாமிரம், செய்தித்தாள் எல்லாம் எடைக்குக் காசு தரக்கூடியவை. அவற்றை வண்டியில் ஏற்றிவிட்டு நாம் ஏன் காசு கொடுக்க வேண்டும்? தனியாக எடுத்து வைத்துவிட்டேன்.

இந்தச் சின்ன டப்பாவைக் கொஞ்சம் பக்கத்தில் காட்டுகிறேன். அறையிலேயே ஆபத்தானது இதுதான். இரண்டு பழைய போன், ஒரு பவர் பேங்க், பொம்மைக் காரிலிருந்து கழற்றிய பேட்டரி. பவர் பேங்க் எப்படி உப்பியிருக்கிறது பாருங்கள், மேசையில் வைத்தால் ஆடுகிறது. உள்ளே இருப்பது லித்தியம் பேட்டரி. இதைச் சாதாரணக் குப்பையில் போட்டால், வண்டியில் குப்பையை அழுத்தி நசுக்கும்போது உள்ளேயே ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கும். குப்பை லாரிகளும் கிடங்குகளும் இப்படி எரிந்திருக்கின்றன. ஊசியால் குத்திக் காற்றை வெளியேற்றலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். சார்ஜும் போடாதீர்கள். முனைகளில் இன்சுலேஷன் டேப்பை ஒட்டி, எரியும் பொருள் எதுவும் பக்கத்தில் இல்லாமல் வைத்து, மின்கழிவு வாங்குகிற இடத்தில் நேராகக் கொடுக்க வேண்டும்.

டியூப் லைட், சிஎஃப்எல் பல்பு இரண்டிலும் பாதரசம் இருக்கிறது, அதுவும் அங்கேதான். உடையாமல் அட்டையில் சுற்றி வைத்திருக்கிறேன். மிச்சப் பெயின்டை வண்டிக்காரர்கள் திரவமாகத் தொடவே மாட்டார்கள். தண்ணீரில் கரையும் வகையாக இருந்தால் மரத்தூளையோ மணலையோ கலந்து, மூடியைத் திறந்து வைத்துக் கட்டியாகக் காயவிடலாம். தின்னர் கலக்கிற வகையை அப்படிச் செய்யக் கூடாது, அது அபாயக் கழிவு. சாக்கடையில் மட்டும் எதையும் ஊற்றிவிடாதீர்கள்.

கடைசியாக, வெளியே நிற்கிற ஃபிரிட்ஜ். அதன் பின்பக்கத்தில் ஓடும் தாமிரக் குழாய்க்கு நல்ல விலை உண்டு. அதற்காகச் சிலர் நின்ற இடத்திலேயே குழாயை அறுத்துவிடுவார்கள். 'புஸ்ஸ்' என்று ஒரு சத்தம் வரும், அவ்வளவுதான், உள்ளே இருந்த, குளிரூட்டுகிற வாயு முழுக்கக் காற்றோடு போய்விடும். மிகப் பழைய ஃபிரிட்ஜ்களில் இருப்பது ஓசோன் படலத்தை அரிக்கிற சிஎஃப்சி என்ற வாயு. அதை நிறுத்தத்தான் 1987இல் பல நாடுகள் சேர்ந்து மாண்ட்ரியல் ஒப்பந்தமே போட்டன. அடுத்து வந்த ஆர்-134ஏ என்ற வாயு ஓசோனைத் தொடாது, ஆனால் ஒரு கிலோவுக்குக் கார்பன் டை ஆக்சைடைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் பூமியைச் சூடேற்றும். இப்போது வருகிற ஆர்-600ஏ தீப்பற்றக்கூடியது, அறுக்கிறவர் கைக்கே ஆபத்து. எது இருக்கிறது என்று பின்னால், கம்ப்ரெசருக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிற சீட்டில் பாருங்கள். என்னுடையதில் ஆர்-134ஏ. நாளை வருகிறவரிடம், குழாயை அறுக்காமல் முழுசாக எடுத்துப்போய் வாயுவை இறக்குகிற இடத்தில் கொடுக்க வேண்டும் என்று சொல்லி, அவர் சம்மதத்தையும் மெசேஜில் வாங்கி வைத்திருக்கிறேன்.

இன்னும் ஒரு வேலை பாக்கி. இன்று ராத்திரி முழுக்க அது வாசலிலேயே நிற்கப் போகிறது, தெருவில் சின்னப் பிள்ளைகள் ஓடி விளையாடுகிறார்கள். மிகப் பழைய மாடல் ஃபிரிட்ஜ்களில் கொக்கிப் பூட்டு இருக்கும். உள்ளே போய்க் கதவு சாத்திக்கொண்டால் உள்ளிருந்து திறக்கவே முடியாது. எந்த ஃபிரிட்ஜாக இருந்தாலும் பிள்ளைகள் விஷயத்தில் துணிய வேண்டாம், முதலில் கதவைக் கழற்ற வேண்டும். மேலே இரண்டு போல்ட், கீழே ஒன்று. ஸ்பேனரை இந்தக் குவியலில் எங்கே வைத்தேன் என்றுதான் தெரியவில்லை. தேடிப் பார்க்கிறேன்.