மயங்கிய உடலும் வலியும்

நேயர்களுக்கு வணக்கம். ஆபரேஷனுக்கு முந்தைய நாள் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி, "டாக்டர், நடுவில் முழித்துக்கொள்ள மாட்டேனே?" என்பதுதான். நியாயமான பயம். ஆனால் ஒரு மயக்க மருத்துவராக நான் இன்னொன்றையும் கவனிக்க வேண்டியிருக்கிறது: நீங்கள் தூங்கிய பிறகும் தூங்காத உங்கள் உடம்பை.

முழு மயக்கத்தில் வலியை வலி என்று உணர ஆள் இல்லை. ஆனால் கத்தி பட்டதும் நரம்புகள் செய்தி அனுப்பத்தான் செய்யும். தண்டுவடமும் மூளையின் அடிப்பகுதியும் அதற்குப் பதில் கொடுக்கும். நாடி வேகமெடுக்கும், ரத்த அழுத்தம் ஏறும், கண்மணி விரியும். சில நேரம் மூடிய இமையோரம் கண்ணீர்கூடக் கசியும். கையை இழுக்கவும் உடம்பு முயலும். தசையைத் தளர்த்தும் மருந்து கொடுத்திருந்தால் அந்த அசைவும் வெளியே தெரியாது.

மூச்சுக்குழாய்க்குள் டியூப் போடுவது தோலைக் கீறுவதைவிடப் பெரிய தூண்டல். இதய ரத்தக்குழாயில் அடைப்பு உள்ளவருக்கு அந்தச் சில நிமிடப் படபடப்பே ஆபத்தாகலாம். அதனால்தான் ஃபென்டனில் போன்ற வலி மருந்தை முன்கூட்டியே கொடுத்து, அது வேலை செய்யும்வரை பொறுத்திருப்போம்.

சரி, உடம்பு வலிக்குக் கொடுக்கும் இந்தப் பதிலை அளக்கக் கருவி இல்லையா? நெற்றியில் ஒட்டும் 'பிஸ்' மானிட்டர் 40-க்கும் 60-க்கும் இடையே காட்டினால் மயக்கத்தின் ஆழம் போதும் என்று பொருள். வலியைப் பற்றி அது நேராகச் சொல்லாது. விரலில் நாடி அலையைப் பார்த்து 0 முதல் 100 வரை எண் தரும் கருவிகளும், கண்மணியை அளக்கும் கருவிகளும் வந்துவிட்டன. உதவுகின்றன. ஆனாலும் எண்ணை மட்டும் நம்பி நான் மருந்தை ஏற்ற மாட்டேன். ரத்தம் இழந்தாலும் நாடி ஏறுமே! அறுவை மருத்துவரின் கை அந்த நொடியில் என்ன செய்கிறது என்பதோடு சேர்த்துத்தான் எண்ணைப் படிக்க வேண்டும்.

வலி மருந்து கூடினாலும் தொல்லைதான். மூச்சு மந்தமாகும், குமட்டும். ரெமிஃபென்டனில் என்ற வலி மருந்து சில நிமிடங்களில் உடம்பைவிட்டு நீங்கிவிடும். அதை நிறுத்துமுன் நரம்பை மரக்கச் செய்யும் ஊசியோ வேறு வலி மருந்தோ தயாராக இல்லாவிட்டால், கண் விழிக்கும்போதே வலி காத்திருக்கும்.

அப்புறம் ஒன்று. நீங்கள் சாப்பிடும் மாத்திரைகளை ஒன்று விடாமல் எங்களிடம் சொல்லுங்கள். நாடியைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் சாப்பிடுபவருக்கு, உடம்பு வலிக்குத் துடித்தாலும் மானிட்டரில் நாடி அமைதியாகவே ஓடலாம்.