டிசம்பர் 25 தொடக்கம்தான்

(கிறிஸ்து பிறப்புப் பெருவிழாவை முன்னிட்டு ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

மதிப்பிற்குரிய ஆயர் அவர்களே, தலைமை தாங்கும் பங்குத்தந்தை அவர்களே, அழைத்ததும் அன்போடு வந்திருக்கும் சகோதர சபைகளின் போதகர்களே, அருள்சகோதரிகளே, பல நாளாகத் தொண்டை வறளப் பயிற்சி எடுத்த பாடகர் குழுவினரே, முன்னால் பாயில் உட்கார்ந்திருக்கும் குழந்தைகளே, எல்லோருக்கும் வணக்கம். இந்த மண்டபத்தைப் பெருக்கி நாற்காலி போட்டவர்களின் பெயர் அழைப்பிதழில் இல்லை. அவர்களுக்கு ஒரு கைதட்டல் கொடுத்துவிட்டுத் தொடங்குகிறேன்.

காத்திருப்பு, கிறிஸ்துமஸின் பன்னிரண்டு நாள்கள், பாடல்கள் என்று மூன்று செய்திகள் பேச வந்திருக்கிறேன். மூன்றுக்கும் சேர்த்து என் அம்மா அடிக்கடி சொல்லும் ஒரு பழமொழி போதும்: பதறாத காரியம் சிதறாது.

கிறிஸ்து பிறப்புக்காகக் காத்திருக்கும் திருவருகைக் காலத்துக்கு நான்கு ஞாயிறுகள். பீடத்தில் ஊதா நிறம். அந்த ஞாயிறுகளில் கத்தோலிக்கத் திருப்பலியில் வானவர் கீதம் பாடுவதில்லை, கவனித்திருக்கிறீர்களா? பெத்லகேம் வயல்வெளியில் வானதூதர்கள் பாடிய பாட்டு அது. அதை அடக்கி வைத்திருந்து, பிறப்பு இரவில் மணியோடு சேர்த்துப் பாடும்போது உடம்பு சிலிர்க்கிறது. நான்கு வாரம் வாயை மூடிக் காத்திருந்ததால் கிடைக்கும் சிலிர்ப்பு அது.

ஒரு கதை சொல்கிறேன், குழந்தைகளே, இது உங்களுக்குத்தான். ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் யோஹான் ஹின்ரிச் விக்கர்ன் என்று ஓர் இறைப்பணியாளர் இருந்தார். ஏழைப் பிள்ளைகளைச் சேர்த்து 1833இல் ஓர் இல்லம் தொடங்கினார். டிசம்பர் வந்தால் போதும், பிள்ளைகள் அவரை விடமாட்டார்கள். “இன்னும் எத்தனை நாள்?” காலையில் ஒருவன் கேட்பான். சாப்பாட்டு நேரத்தில் இன்னொருவன். விளக்கணைத்த பிறகும் இருட்டிலிருந்து ஒரு குரல். நீங்களும் வீட்டில் இப்படித்தானே கேட்கிறீர்கள்? அவர் அதட்டவில்லை. 1839இல் ஒரு பழைய வண்டிச் சக்கரத்தை எடுத்தார். அந்த ஆண்டு டிசம்பர் 1ஆம் தேதியே ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறுகளுக்கு நான்கு பெரிய வெள்ளை மெழுகுவத்தி, மற்ற நாள்களுக்கு இருபது சிறிய சிவப்பு மெழுகுவத்தி. எண்ணிப் பாருங்கள், இருபத்து நான்கு. நாளுக்கு ஒன்றாக ஏற்றினார்கள். கேட்ட கேள்விக்குச் சக்கரமே பதில் சொன்னது. எல்லாவற்றையும் முதல் நாளே ஏற்றியிருந்தால்? ஒரு நாள் வெளிச்சம், அப்புறம் வெறும் சக்கரம்! இன்று நம் பீடத்தருகே நான்கு மெழுகுவத்தியோடு நிற்கும் திருவருகை வளையம் அந்தச் சக்கரத்தின் வாரிசுதான். பதறாத காரியம் சிதறாது.

சரி, பன்னிரண்டு நாள்களுக்கு வருகிறேன். இதைச் சொல்லத்தான் இந்த மேடையைக் கேட்டு வாங்கினேன். கி.பி. 567இல் பிரான்சின் தூர் நகரில் ஆயர்கள் கூடிய சங்கத்தின் காலத்திலேயே, பிறப்பு விழாவிலிருந்து, கிழக்கிலிருந்து வந்த ஞானிகள் குழந்தை இயேசுவை வணங்கியதை நினைக்கும் திருக்காட்சி விழா வரை தொடர்ந்து கொண்டாடும் வழக்கம் இருந்தது. டிசம்பர் 26, கிறிஸ்துவுக்காக முதலில் உயிர்கொடுத்த மறைச்சாட்சி ஸ்தேவானின் நாள். 27 திருத்தூதர் யோவானின் நாள். 28, குழந்தை இயேசுவைத் தேடி ஏரோது மன்னன் கொன்ற மாசில்லாக் குழந்தைகளின் நாள். தொட்டிலுக்குப் பக்கத்திலேயே இரத்தத்தை வைத்திருக்கிறது திருச்சபை. பிறந்தவர் எதற்காகப் பிறந்தார் என்பதை மறக்கவிடாத வரிசை இது. எட்டாம் நாள் ஜனவரி 1, குழந்தைக்கு இயேசு என்று பெயரிட்டதை நினைக்கும் நாள். ஜனவரி 6 ஞானிகளின் விழா, அதாவது திருக்காட்சி விழா. சில நாடுகளில் அதையொட்டிய ஞாயிற்றுக்கிழமை. ஆர்மீனிய அப்போஸ்தலிக்கத் திருச்சபைக்கோ பிறப்பு விழாவே ஜனவரி 6தான்.

நாம் என்ன செய்கிறோம்? 26ஆம் தேதி காலையில் நட்சத்திரத்தை இறக்கிக் குடிலை அட்டைப்பெட்டிக்குள் வைத்துவிடுகிறோம். ஞானிகள் இன்னும் வழியில் இருக்கிறார்கள் ஐயா! அவர்கள் வந்து சேரும்போது குடிலே இல்லையென்றால் யாரை வணங்குவார்கள்? என் மனத்தை அறுக்கும் காட்சி அது. வாழ்த்துச் சொல்லப் போன ஒரு வீட்டில் ஒருமுறை, பெட்டிக்குள் போகும் குழந்தை இயேசுவைப் பார்த்து ஒரு சிறுமி அழுதாள். அவள் அழுதது சரி. பதறிக் கழற்றியது பெரியவர்கள்.

பாடல்களைப் பற்றி விரிவாகச் சொல்ல ஆசைதான். ஆயர் அவர்கள் அடுத்த நிகழ்ச்சிக்குப் போக வேண்டும், பாடகர் குழுவும் எழுந்து நிற்கிறது. அவர்கள் பாடுவதையே என் மூன்றாவது செய்தியாக எடுத்துக்கொள்ளுங்கள்.

பங்குத்தந்தையிடமும் வீட்டுப் பெரியவர்களிடமும் ஒரே விண்ணப்பம். இந்த ஆண்டு ஞானிகளின் உருவங்களை முதல் நாளே குடிலுக்குள் வைக்க வேண்டாம். அறையின் மறுகோடியில் வையுங்கள். தினமும் ஒரு பிள்ளை அவர்களை ஒரு சாண் நகர்த்தட்டும். ஜனவரி 6 மாலை அவர்கள் குடிலை அடைவார்கள். அதுவரை நட்சத்திரம் எரியட்டும். கழற்றி வைக்க ஆள் வேண்டுமென்றால், 7ஆம் தேதி காலை நானே ஏணியோடு வருகிறேன். நன்றி, வணக்கம்.