காத்துள்ளபோதே தூத்திக்கோ: நெலக்கரி பத்தி வாசகர் வட்டத்துல பேசினது

அவைத்தலைவர் அவர்களே, எனக்கு முன்னாடி பேசி என் நேரத்துல பத்து நிமிஷத்தையும் அன்போட எடுத்துக்கிட்ட மின்வாரியத்து ரிட்டயர்டு என்ஜினீயர் ஐயா அவர்களே, வாடகை வாங்காம ஹால் குடுத்த தலைமையாசிரியை அம்மா அவர்களே, பொன்னாடை போர்த்தின வாசகர் வட்டத் தம்பிகளே, எல்லாருக்கும் வணக்கம்.

நெலக்கரிய விட்டு மெல்ல மாறுறது பத்தி மூணு விஷயம் பேச வந்தேன். கரண்ட், காசு, ஆளு. காத்துள்ளபோதே தூத்திக்கோன்னு எங்க ஆத்தா சொல்லும், அதத்தான் மூணுலயும் சொல்லப்போறேன்.

2021ல கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டுல 2070க்குள்ள நிகர பூஜ்யம்னு, அதாவது நாம விடுற கரிப்புகையும் திரும்ப உறிஞ்சுறதும் சமமாயிடும்னு, இந்தியா சொல்லிட்டு வந்துச்சு. 2025லயே நம்ம மொத்த நிறுவுதிறன்ல, அதாவது எல்லா மின் நிலையமும் சேந்து முழுசா ஓடினா தரக்கூடிய அளவுல பாதி, கரி காஸ் இல்லாத பக்கம் வந்தாச்சு, கைதட்டலாம். ஆனா நெசமா ஓடுற கரண்ட்ல 100 யூனிட்டுக்கு 70 பக்கம் இன்னமும் கரிதான். சாயங்காலம் சூரியன் வேலைய முடிச்சிட்டு கெளம்புற நேரத்துலதான நாம வீட்டுக்கு வந்து ஃபேன், டிவி, ஏசி எல்லாத்தையும் போடுறோம்? கன்னியாகுமரி பக்கம் முப்பந்தல்ல கரண்ட் எடுக்குற காத்தாடி ஆடி மாசம் பேய் மாதிரி சுத்தும், தை மாசம் வேடிக்கை பாக்கும். அப்ப சேத்து வைக்கணும். பகல்ல தண்ணிய மலைமேல ஏத்தி ராத்திரி எறக்குற பம்ப்டு ஸ்டோரேஜ் காடம்பாறைல 400 மெகாவாட்டுக்கு 80கள்லயே கட்டிட்டோம், அது மாதிரி இன்னும் நெறைய வேணும், பேட்டரி வேணும். தூத்துறதுக்கு மொறம் வேணும்ல?

எங்க மாமா ஒரு அனல் மின் நிலையத்துக்குப் பக்கத்து ஊரு. வெள்ளை வேட்டின்னா உசுரு அவருக்கு, நீலம் போட்டு, கஞ்சி போட்டு, மாடில காயப்போட்டு பக்கத்துல ஸ்டூல் போட்டு காவலுக்கு உக்காருவாரு, காக்காவுக்கு பயந்து. காக்கா வரல, கரி லாரிதான் வந்துச்சு. ஒரு கார்த்திகை மாசம் அந்த வேட்டியக் கட்டிக்கிட்டு டீக்கடைக்குப் போனா, கடைக்காரரு எந்திரிச்சு கையெடுத்துக் கும்பிட்டு "சாமி, எப்ப மாலை போட்டீங்க?"ங்கிறாரு. மாமா சொன்னாரு: "நான் போடலய்யா, என் வேட்டிதான் போட்டிருக்கு." அதே மாமா பையன் அந்த பிளான்ட்லதான் காண்ட்ராக்ட்ல கரி அள்ளுறான். அதை மூடணும்னு மாமாகிட்ட நான் எந்த வாயால சொல்லுவேன்?

இந்த ஆளுங்க விஷயத்துக்குத்தான் வந்தேன், நேரமில்ல, காசு விஷயம் கெடக்கட்டும். தென்னாப்பிரிக்காவுல கோமாட்டி அனல் மின் நிலையத்தை 2022 அக்டோபர்ல மூடுனாங்க. பர்மனன்ட் ஆளுங்களுக்கு வேற எடத்துல வேலை குடுத்தாங்க, காண்ட்ராக்ட்காரங்க வீட்டுக்குப் போனாங்க. நெய்வேலியில 1962ல ஓட ஆரம்பிச்ச 600 மெகாவாட் நிலையம் 2020ல நின்னுச்சு, நாளைக்கு இன்னும் பல நிக்கும். கரி ஓடுறப்ப, அதுல காசு வர்றப்பவே அந்தப் பசங்களுக்கு சோலார், பேட்டரி வேலை கத்துக்குடுத்து, பேரை ரிஜிஸ்டர்ல ஏத்துங்க. காத்துள்ளபோதே…

சரி, தலைவர் துண்டுச்சீட்டு அனுப்பிட்டாரு. இதுக்கான மனு வாசல் மேசைல இருக்கு, கையெழுத்து போடுங்க. பேனா ஒண்ணுதான் இருக்கு, மறக்காம அங்கயே வச்சிருங்க.