எந்தப் பிரிவு என்று கேட்பதற்கு முன்

நேயர்களுக்கு வணக்கம். எம்.எஸ்.டபிள்யூ., அதாவது சமூகப்பணி முதுகலைப் படிப்பில் சேரப் போகிற பிள்ளைகள் இருக்கிற வீட்டில் ஒரு கேள்வி கட்டாயம் வரும்: "எந்த ஸ்பெஷலைசேஷன் எடுத்தா வேலை கிடைக்கும்?" நியாயமான கேள்விதான். ஆனால் அதோடு சேர்த்துக் கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி இருக்கிறது. இன்று அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

நம் கல்லூரிகளில் பெரும்பாலும் மூன்று பிரிவுகள் இருக்கும். சமுதாய மேம்பாடு, மருத்துவ மனநலச் சமூகப்பணி, மனிதவள மேலாண்மை. பல இடங்களில் முதலாண்டு எல்லாருக்கும் பொது, இரண்டாம் ஆண்டில்தான் பிரிவார்கள். கம்பெனி வேலைக்கும் சமூகப்பணிக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்பார்கள். 500 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஆலையில் தொழிலாளர் நல அலுவலர் இருக்க வேண்டும் என்று 1948 தொழிற்சாலைச் சட்டத்தின் 49ஆம் பிரிவு சொன்னது. அதற்குப் படித்த ஆள் தேவைப்பட்டது. மனிதவளப் பிரிவு இங்கே வந்த வழி அதுதான்.

சரி, அந்த இன்னொரு கேள்வி: உங்கள் களப்பணி அறிக்கையை யார் படிக்கப் போகிறார்?

வாரத்தில் இரண்டு நாள் வகுப்பு கிடையாது. மாணவர் மருத்துவமனைக்கோ கிராமத்துக்கோ ஆலைக்கோ போக வேண்டும். போய் வந்ததும் அறிக்கை எழுத வேண்டும். வாரம் ஒருமுறை வழிகாட்டும் ஆசிரியரோடு தனியாக உட்கார வேண்டும். இன்டிவிஜுவல் கான்ஃபரன்ஸ் என்று பெயர், பிள்ளைகள் அதை 'ஐ.சி.' என்பார்கள். ஒரு மாணவருக்கு அரை மணி நேரம் என்று வையுங்கள். பத்து மாணவர்கள் என்றால் ஐந்து மணி நேரம், நடக்கும். இருபது பேர் என்றால் பத்து மணி நேரம். வகுப்பும் எடுத்து, விடைத்தாளும் திருத்தி, இதற்கு எங்கே போவது? நடக்காது. அறிக்கையில் கையெழுத்து மட்டும்தான் விழும். கையெழுத்துதான் விழும் என்று தெரிந்த மாணவர் மூன்று வார அறிக்கையை ஒரே ராத்திரியில் எழுதுவார். தேதி மட்டும் மாறும், வாசகம் மாறாது.

படிக்கிற ஆசிரியர் என்ன செய்வார்? டயாலிசிஸ் பிரிவில் ஒரு மாணவி களப்பணி செய்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். அங்கே நோயாளிக்கு வாரம் மூன்று முறை சிகிச்சை, முறைக்கு நான்கு மணி நேரம். ஓர் அம்மா சனிக்கிழமை மட்டும் வருவதில்லை. மாணவி எழுதுகிறாள்: "நோயாளிக்கு விழிப்புணர்வு இல்லை. ஆலோசனை வழங்கினேன்."

ஆசிரியர் 'ஆலோசனை'யைப் பென்சிலால் சுழிக்கிறார். "என்னம்மா சொன்னே, அதே வார்த்தையில சொல்லு."

"சனிக்கிழமையும் வரணும்மா, உடம்புக்கு நல்லதுன்னு சொன்னேன் மேடம்."

"அவங்க?"

"சரிங்கன்னாங்க."

"சரிங்கன்னுட்டு எங்க பாத்தாங்க?"

"வாசல்ல நின்ன பையனை."

"பையன் யாரு?"

மாணவிக்குத் தெரியவில்லை. அடுத்த வாரம் கேட்டு வருகிறாள். மகன். லேத் பட்டறையில் வேலை. சனிக்கிழமைதான் வாரக்கூலி, அன்று லீவு போட்டால் முதலாளி முறைப்பார். காப்பீடு இருப்பதால் சிகிச்சைக்குக் காசு கட்ட வேண்டியதில்லை; ஆனால் கூட வருகிறவரின் நாள்கூலிக்குக் காப்பீடு ஏது? இப்போது செய்ய வேண்டியது தெரிகிறது. டெக்னீஷியனிடம் பேசி அந்த முறையை வேறு நாளுக்கோ வேறு ஷிப்டுக்கோ மாற்ற முடியுமா என்று பார்ப்பது, முடியாவிட்டால் சனிக்கிழமைக்கு மட்டும் துணைக்கு வேறு ஆள் தேடுவது. 'விழிப்புணர்வு இல்லை' என்ற இரண்டு வார்த்தை இதையெல்லாம் மூடி வைத்திருந்தது.

இந்த அம்மாவைப் பற்றி இவ்வளவு நேரம் பேசக் காரணம் உண்டு. டயாலிசிஸ் ஷிப்டில் ஓடுகிறது, ஒரு முறை தவறினால் உடம்பில் நீர் கோத்து மூச்சுத் திணறலாம் என்று தெரிந்த ஆசிரியர்தான் அவசரம் புரிந்து அந்தக் கேள்வியைக் கேட்பார். தன் துறை வேறாக இருந்து, ஆள் பற்றாக்குறையால் இந்தப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறவர் 'நன்று' என்று எழுதிவிடுவார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. சமுதாய மேம்பாட்டிலும் இதே கதைதான். தமிழ்நாட்டில் கிராம சபைக்கு ஆண்டில் ஆறு நாள் இருக்கிறது. மாணவரின் களப்பணி அட்டவணையில் அதில் ஒன்றாவது இருக்கிறதா என்று கேட்பவர் வேண்டும்.

ஆகவே சேரும் முன் சீனியர் மாணவர்களிடம் கேளுங்கள். ஓர் ஆசிரியரிடம் எத்தனை பேர்? ஐ.சி. எந்தக் கிழமை? போன வாரம் நடந்ததா? அவர்களின் அறிக்கை நோட்டை வாங்கிப் புரட்டுங்கள். பக்க ஓரத்தில் கேள்விகள் எழுதியிருக்கின்றனவா, வெறும் டிக் மட்டும்தானா?

நேரமாகிவிட்டது என்று ஒலிப்பதிவு அறையின் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கை காட்டுகிறார்கள். ஆய்வேடு பற்றிச் சொல்ல நினைத்ததைச் சுருக்கிவிடுகிறேன்: தலைப்பை இரண்டாம் ஆண்டின் தொடக்கத்திலேயே வழிகாட்டியோடு முடிவு செய்யுங்கள். மருத்துவமனையில் பேட்டி எடுக்க நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும், அதற்கே வாரக்கணக்கில் ஆகும். இன்னொன்று, 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின்படி மனநலச் சமூகப்பணியாளர் என்று பெயர் போட்டுக்கொள்ள எம்.எஸ்.டபிள்யூ. மட்டும் போதாது, அதற்கு மேல் இரண்டாண்டு முழுநேரப் படிப்பு உண்டு. அதையும் கணக்கில் வைத்துக்கொண்டு பிரிவைத் தேர்ந்தெடுங்கள். வணக்கம்.