பால் பல்லு தானே, விழுந்துடும்னு சொல்றோமே

வணக்கம் நேயர்களே. நான் குழந்தைங்களுக்கு பல் பார்க்குற டாக்டர். பால் பல்லு சொத்தை பத்தி ஒரு பத்து நிமிஷம் பேசுங்கன்னு நிலையத்துல கேட்டாங்க, பத்து நிமிஷம் என்ன, பத்து நாள் பேசலாம், சரி வந்துட்டேன்.

போன மாசம் ஒரு பாட்டி, ரெண்டாங்கிளாஸ் படிக்கிற பேரனை கூட்டிட்டு வந்தாங்க. 7 வயசு. கீழ் கடவாய்ப்பல்லுல குழி, பக்கத்து ஈறுல ஒரு சின்ன கொப்புளம். ரெண்டு வாரம் முன்னாடி ராத்திரி பூரா அழுதானாம், மருந்துக்கடையில சிரப் வாங்கி குடுத்தாங்களாம், வலி நின்னுடுச்சு, இப்போ இந்த கொப்புளம் மட்டும் வந்து வந்து உடையுது. "பூச்சிப்பல்லு தான் டாக்டர், பால் பல்லு தானே, விழுந்துடும்ல?"ன்னாங்க. இந்த ஒரு கேள்விய நான் வாரத்துக்கு பத்து தடவையாவது கேட்குறேன்.

பூச்சின்னு நம்ம ஊர்ல சொல்றது முழுக்க தப்புன்னு சொல்ல மாட்டேன். கண்ணுக்கு தெரியுற புழு தான் கிடையாது. காதுல புகை போட்டு பல்லுப்புழு எடுத்து காட்டுறவங்க இன்னும் அங்கங்க இருக்காங்க, அந்த புழு அவங்க கையில தான் இருந்துச்சு, பல்லுல இல்ல. நிஜமான பூச்சிய, அதாவது கண்ணுக்கு தெரியாத பாக்டீரியாவ, மொதல்ல பார்த்தவங்கள்ல ஒருத்தர் ஹாலந்துல துணி வியாபாரம் பண்ண லேவன்ஹூக். 1683ல தன் பல்லு இடுக்குல இருந்த வெள்ளை அழுக்கை சுரண்டி, தானே செஞ்ச லென்ஸ் வழியா பார்த்து அசந்து போயிட்டார், நெதர்லாந்துல இருக்குற ஜனங்களை விட என் வாய்க்குள்ள இருக்குற ஜீவன்கள் அதிகம்னு லண்டன் ராயல் சொசைட்டிங்கிற விஞ்ஞானிங்க சங்கத்துக்கு கடுதாசி எழுதினார். அப்புறம் 1924ல கிளார்க்னு ஒருத்தர் சொத்தைப்பல்லுல இருந்து ஒரு பாக்டீரியாவ பிரிச்சு எடுத்து ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ்னு பேர் வச்சார். குழந்தைங்க சொத்தையில இன்னைக்கும் அதிகமா பேசப்படுற பேர் அது தான்.

அது என்ன பண்ணுதுன்னு புரிஞ்சிக்க உங்க வீட்டு இட்லி மாவ நினைச்சுக்கோங்க. மாவு எப்படி புளிக்குது? பாக்டீரியா மாவச்சத்தையும் சர்க்கரையும் தின்னுட்டு லாக்டிக் ஆசிட் விடுது. பல்லு மேலயும் அதே ஆசிட் தான், வேற ஒண்ணும் புதுசு இல்ல. ஆனா மியூட்டன்ஸ்கிட்ட இன்னொரு சாமர்த்தியம் இருக்கு, நம்ம போடுற சர்க்கரைய வச்சு பசை மாதிரி ஒண்ணு செஞ்சு வழவழன்னு இருக்குற பல்லுல தன்னை ஒட்டிக்கும், அந்த பசைக்குள்ள மத்த பாக்டீரியாவும் வந்து குடியேறும். வெள்ளை சர்க்கரை, நாட்டுச்சர்க்கரை, வெல்லம், பனங்கல்கண்டு எல்லாம் அதுக்கு ஒண்ணு தான், நாட்டு சரக்குன்னு தள்ளுபடி எல்லாம் கிடையாது. புளிப்ப அளக்குற பிஹெச்னு ஒரு எண் இருக்கு, எண் குறைய குறைய புளிப்பு கூடும், அது 5.5க்கு கீழ போச்சுன்னா பல்லோட மேல் ஓடு, எனாமல்னு சொல்வோம், கரைய ஆரம்பிக்கும். உமிழ்நீர் தான் அதை திரும்ப சரி பண்ணும், அரை மணி ஒரு மணி நேரம் பிடிக்கும். மாவு ராத்திரியில தானே புளிக்குது? பல்லும் அப்படித்தான். தூங்குறப்போ உமிழ்நீர் ரொம்ப குறைஞ்சிடும், புட்டிய வாயில வச்சுட்டே தூங்குற குழந்தைக்கு சர்க்கரை போட்ட பால் மேல் முன்பல்லு மேல விடிய விடிய தேங்கி நிக்கும். அதான் மேல் முன்பல்லு நாலும் மொதல்ல போகும், கீழ் முன்பல்லு நாக்குக்கு அடியில மறைஞ்சு தப்பிச்சுக்கும்.

எல்லா பழியும் மியூட்டன்ஸ் மேலயே போட்டோம் ரொம்ப காலம். இப்போ ஸ்கார்டோவியா விக்சியேன்னு வாய்ல நுழையாத பேர்ல ஒரு பாக்டீரியாவும் சின்ன குழந்தைங்களோட மோசமான சொத்தையில கிடைக்குதுன்னு தெரிஞ்சிருக்கு. கேண்டிடான்னு ஒரு பூஞ்சை, அதுவும் மியூட்டன்ஸோட கூட்டு சேர்ந்துக்குது. ஒரே திருடன் இல்ல, கும்பல்.

சரி, குழி விழுந்துடுச்சு, அப்புறம்? பால் பல்லோட எனாமல் பெரிய பல்லுல இருக்குறதுல பாதி கனம் தான் இருக்கும், உள்ள இருக்குற நரம்பு அறையோ பல்லு சைஸுக்கு பெருசு. அதனால மேல சின்ன ஓட்டையா தெரியும், உள்ள நரம்பு வரைக்கும் போயிருக்கும். நரம்பு செத்ததும் உள்ள காத்து இல்லாத இருட்டு ரூம் மாதிரி ஆயிடும், அங்க மேல இருந்த கும்பலோட ஆட்டம் குறைஞ்சு ஃபியூசோபாக்டீரியம், ப்ரிவோடெல்லா மாதிரி காத்தே பிடிக்காத வேற கூட்டம் வந்து உக்காரும். அந்த குழந்தைங்க வாயில ஒரு நாத்தம் வரும் பாருங்க, அது இவங்க வேலை தான்.

இப்போ அந்த பாட்டி குடுத்த சிரப்புக்கு வரேன். அது ஆன்டிபயாட்டிக், பாக்டீரியாவ கொல்ற மருந்து, ரத்தத்துல தான் போகும். செத்த பல்லுக்குள்ள ரத்த ஓட்டமே இல்ல, அப்போ மருந்து எந்த வழியா உள்ள போகும்? வெளிய இருக்குற வீக்கம் கொஞ்சம் அடங்கும், உள்ள இருக்குறவங்க சௌக்கியமா இருப்பாங்க. வலி நின்னதும் குணமானதால இல்லீங்க. சீழ் வெளிய வர வழி கிடைச்சு அழுத்தம் குறைஞ்சது, அவ்ளோ தான். கிராம்பு தைலமும் கொஞ்ச நேரம் மரக்க வைக்கும், சின்ன குழந்தைக்கு அதுவும் வேணாம், ஈறு வெந்துடும், முழுங்கினா இன்னும் ஆபத்து.

விழுந்துடும்ல? விழும்மா, ஆனா அந்த பல்லு விழ வேண்டியது 11 வயசு வாக்குல, இன்னும் 4 வருஷம் இருக்கு. பால் கடவாய்ப்பல்லோட வேரெல்லாம் கால் அகட்டி நிக்கும், நடுவுல வரப்போற பெரிய பல்லு, கோழி முட்டைய அடைகாக்குற மாதிரி. சீழ் மொதல்ல இறங்குறதே பெரும்பாலும் அந்த கால் சந்துல தான். அது ரொம்ப நாள் இருந்தா உள்ள இருக்குற பல்லோட எனாமல் சரியா உருவாகாம மஞ்சளா, பொரிஞ்ச மாதிரி முளைக்கும். டர்னர் பல்லுன்னே அதுக்கு பேர்.

பையனுக்கு எக்ஸ்ரே எடுத்தேன். வேருக்கு நடுவுல எலும்பே இல்ல. கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா வேர் சிகிச்சை பண்ணி, தானா கரையுற பேஸ்ட் வச்சு அடைச்சு, மேல ஸ்டீல் தொப்பி போட்டு பல்லை காப்பாத்தியிருக்கலாம். இப்போ எடுக்கத்தான் வேணும், எடுத்துட்டு இடம் மூடிடாம ஒரு கம்பி வளையம். ஜுரம் இல்ல, முக வீக்கம் இல்ல, அதனால ஆன்டிபயாட்டிக்கே எழுதல, பாட்டிக்கு அதுல கொஞ்சம் வருத்தம்.

ஒண்ணு மட்டும் அழுத்தி சொல்லிடுறேன். கன்னம் வீங்கி கண்ணு மூடுற மாதிரி வந்தாலோ, தாடைக்கு கீழ வீங்கி எச்சில் முழுங்க முடியலன்னாலோ, ஜுரம் அடிச்சு குழந்தை சோர்ந்து கிடந்தாலோ, நாளைக்கு பார்க்கலாம்னு இருக்காதீங்க, அன்னைக்கு ராத்திரியே பெரிய ஆஸ்பத்திரி.

இந்த பாக்டீரியா குழந்தைக்கு பெரும்பாலும் அம்மா, வீட்டு ஆளுங்க எச்சில்ல இருந்து தான் வருது. அதுக்காக முத்தம் குடுக்காதீங்கன்னு நான் சொல்றதில்ல, சொன்னா யார் கேட்கப் போறாங்க. உங்க சொத்தைய மொதல்ல அடைச்சுக்கோங்க. பல்லு முளைச்ச அன்னைக்கே ஃபுளோரைடு பேஸ்ட், 3 வயசு வரைக்கும் ஒரு அரிசி அளவு, அதுக்கப்புறம் பட்டாணி அளவு, ராத்திரி தேய்ச்சப்புறம் தண்ணி தவிர ஒண்ணும் வேணாம்.

பல்லை எடுத்ததும் பாட்டி அதை கேட்டு வாங்கிக்கிட்டாங்க, ஓட்டு மேல போடணுமாம். இப்போ இருக்குறது மாடி வீடு, ஓடு இல்லையேன்னு பேரன் சொன்னான். ரெண்டு பேரும் யார் வீட்டு ஓடுன்னு பேசிக்கிட்டே படி இறங்கினாங்க.